இரண்டு முனைவர் பட்டங்கள்: தனிநாயகம் அடிகளார் வாழ்வு காட்டும் வழி

சமயம் குறித்து உயராய்வு செய்ய விழையும் மாணவர்முன் இன்று பல பட்டங்கள் உள்ளன. இறையியல் முனைவர், சமயவியலில் பிஎச்.டி., திருப்பணி முனைவர் என அவை பெயரால் வேறுபடுகின்றன. மூன்றையும் பெற்றவர் 'முனைவர்' என்றே அழைக்கப்படுவதால், அவை ஒன்றே எனக் கருதுவாரும் உளர். கெமாஸ் வட்டாரத் தோட்டப்புறத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு நான்கைந்து ஆண்டுகளும் குடும்பத்தின் சேமிப்பும் சிறு செலவு அல்ல. ஆதலின் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்து தெரிவு செய்தல் நன்று.

ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களுள் பாரிசு போன்றவற்றில் இறையியலே தலையாய துறையாக விளங்கியது. அதில் முனைவரானவர், திருச்சபையின் நம்பிக்கையை அச்சபைக்குள் நின்று கற்பிக்கும் உரிமை பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மற்றொரு நோக்கு வலுப்பெற்றது. மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வதுபோலச் சமயங்களையும் ஒப்பிட்டு ஆராயலாம் என 1870இல் மாக்சு முல்லர் இலண்டனில் விரிவுரை ஆற்றினார். 1876இல் நெதர்லாந்தின் உயர்கல்விச் சட்டம், கோட்பாட்டுப் பாடங்களைச் சபைகளின் பொறுப்பில் விட்டுச் சமய வரலாற்றைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியது. மறு ஆண்டே லெய்டன் நகரில் அதற்கெனப் பேராசிரியர் அமர்த்தப்பட்டார்.

இந்தியாவிலும் வழிகள் இரண்டாயின. 1818இல் நிறுவப்பெற்ற செராம்பூர்க் கல்லூரி, 1827இல் டென்மார்க்கு மன்னரின் பட்டயத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பின்னாளில் இறையியல் பட்டங்களுக்குரிய இடமாயிற்று. 1857இல் தோன்றிய கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களோ இறையியலுக்குத் துறை அமைக்கவில்லை.

இவ்விரு வழிகளிலும் நடந்த தமிழர் ஒருவர் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவரே தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913இல் இலங்கையின் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்த அவர், உரோமை நகரின் உர்பான் பல்கலைக்கழகத்தில் பயின்று இறையியலில் முனைவரானார். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேசு நகரின் ஆயராக இருந்த சிப்பிரியன் காலத்துக் குருகுலத்தாரே அவருடைய ஆய்வுப்பொருள். குருமடத்தில் கற்பிப்பதற்கும் திருச்சபைக்குள் அறிஞராகப் பணியாற்றுவதற்கும் அப்பட்டம் முழுத் தகுதி அளித்தது.

பின்னர் அவர் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியரானார். அங்கே தமிழிலக்கியத்தை ஆழ்ந்து கற்கும் வேட்கை அவரை ஆட்கொண்டது. உரோமைப் பட்டத்தால் அக்கதவைத் திறக்க இயலவில்லை. ஆகவே, முப்பது வயதைக் கடந்தவரும் ஏற்கெனவே முனைவருமான அவர், 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். தொடர்ந்து பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றி ஆய்ந்தார். நாற்பதைத் தாண்டியபின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைத் தமிழிலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனை குறித்து ஆய்ந்து பிஎச்.டி. பட்டம் பெற்றார். அவ்வாய்வின் முடிவுகள் கத்தோலிக்கர், சைவர், சமயம் சாராதவர் ஆகிய எவர்முன்னும் சான்றுகளால் மட்டுமே நிற்க வேண்டியிருந்தது.

1961இல் கோலாலம்பூர் வந்து இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை அவர் ஏற்றபோது, இரண்டாம் வழியில் பெற்ற பயிற்சியே அவருக்கு அவ்விருக்கையை அளித்தது. 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதும் அதன் தொடர்ச்சி. எனினும் உரோமையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயன்சாவின் தமிழ் - போர்ச்சுகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. ஐரோப்பிய மொழிகளையும் திருச்சபை நூலகங்களையும் அறிந்த அடிகளார், 1966இல் அதை மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய மாணவர் எதைக் கொள்வது? முதலில், யாருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்பதைத் தெளிதல் வேண்டும். சிரம்பானில் உள்ள மலேசிய இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் போதகர்களை உருவாக்க விரும்புவோருக்கு இறையியல் முனைவர் பட்டம் பொருந்தும். ஏற்கெனவே சபைப் பணியில் இருந்து, அப்பணியைச் செம்மை செய்ய விழைவோருக்கு உரியது திருப்பணி முனைவர் பட்டம். பொதுப் பல்கலைக்கழகத்தில் பல சமய மாணவர்க்குக் கற்பிக்க நினைப்போர் சமயவியல், வரலாறு, மொழி ஆகியவற்றுள் ஒன்றில் பிஎச்.டி. செய்தல் தகும். சைவ மாணவர்க்கும் இது பொருந்தும்: ஆதீனத்தில் சித்தாந்தம் கேட்பதும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சைவ சித்தாந்தத் துறையில் ஆய்வேடு எழுதுவதும் வெவ்வேறு பயிற்சிகள்.

அடுத்து, பட்டத்தின் பெயரை மட்டும் நம்பலாகாது. சில நாடுகளில் இறையியலிலேயே பிஎச்.டி. வழங்குகின்றனர். ஆதலின் நெறியாளர் யார், எம்மொழி மூலங்களைப் படிக்கக் கோருகின்றனர், மலேசியத் தகுதி முகமை அப்பட்டத்தை ஏற்கிறதா என்பவற்றைச் சேருமுன்னரே எழுத்தில் கேட்டறிதல் வேண்டும்.

கெமாஸ் சந்திப்பில் மேற்குக் கரைத் தடமும் தும்பாட் செல்லும் கிழக்குக் கரைத் தடமும் பிரிகின்றன. எத்தடம் உயர்ந்தது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. எவ்வூருக்குச் செல்ல வேண்டும் என்பதே கேள்வி. அடிகளார் இரு தடங்களிலும் சென்றார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்துணைக் காலமும் பொருளும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுப்பதற்கு முன், பட்டம் பெற்றபின் எவ்வகுப்பறையில் நிற்க விரும்புகிறாய் என்று ஒருமுறை கேட்பார்களாயின், அம்மாணவரின் பல ஆண்டுகள் காப்பாற்றப்படும்.