டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு பொதுத்தேர்வில் என்ன சலுகை? பெற்றோர் எப்போது தொடங்கணும்? - முழு விவரம்

வாயால் கேட்டால் பாடத்தை அழகாகச் சொல்கிறான். அதையே பேப்பரில் எழுதச் சொன்னால் பாதி எழுத்து மாறிப்போகிறது. குமாரபாளையம் மாதிரி விசைத்தறி ஊர்களில் இப்படி ஒரு பையனைப் பார்த்து, 'இவனுக்குப் படிப்பு ஏறல, தறிக்கு அனுப்பிடலாம்' என்று முடிவு கட்டுவது சுலபம். ஆனா, அது டிஸ்லெக்சியாவாக இருந்தால்? அந்த மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் சில ஏற்பாடுகள் உண்டு. அவை என்ன, எப்படிப் பெறுவது? பார்க்கலாம்.

டிஸ்லெக்சியா என்றால் என்ன?

எழுத்தையும் ஒலியையும் இணைத்து, பிழையில்லாமல் சரளமாக வாசிப்பதில் வரும் சிரமம்தான் டிஸ்லெக்சியா. இதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை. எழுதுவதில் வரும் சிரமம் டிஸ்கிராஃபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. இவை எல்லாவற்றையும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெயரில், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது.

தமிழில் எப்படித் தெரியும்?

ல-ள-ழ, ர-ற, ந-ன-ண குழப்பம் எல்லாக் குழந்தைக்கும் வரும். 'க' என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது. 'கொ' எழுத, கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் போடணும். மற்ற பிள்ளைகள் சில வருஷத்தில் இதைத் தாண்டிவிடுவார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டியே வாசித்தால் பரிசோதிப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: வீட்டில் தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் குழந்தைக்குத் தமிழ் புதுசு என்பதாலேயே தடுமாற்றம் வரலாம். அது குறைபாடு இல்லை.

என்னென்ன சலுகை?

சட்டத்தின் 17-வது பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மற்றும் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககமும் பொதுத்தேர்வுகளில் இவற்றை வழங்குகிறது.

• கூடுதலாக ஒரு மணி நேரம்: கேள்வியை இரண்டு, மூன்று முறை வாசித்தால்தான் புரியும் மாணவருக்கு இது கட்டாயத் தேவை.

• சொல்வதை எழுதுபவர்: மாணவர் சொல்வதை அப்படியே எழுதணும். திருத்தவோ, குறிப்பு கொடுக்கவோ கூடாது.

• மொழிப்பாட விலக்கு: சுமை குறையும். ஆனா, பின்னாடி சேர நினைக்கும் படிப்புக்கோ வேலைக்கோ அந்த மொழி தேவைப்படுமா என்று விசாரித்துவிட்டுக் கேளுங்கள்.

மத்த மாணவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?

பலர் கேட்கும் கேள்வி இது. அறிவியல் தேர்வு பார்ப்பது ஒளிச்சேர்க்கை பற்றித் தெரியுமா என்பதைத்தான். 'ஒளி'யா, 'ஒலி'யா என்ற எழுத்துப்பிழையை அளக்க அந்தத் தேர்வு நடக்கவில்லை. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத தடையை மட்டும் எடுத்துவிட்டு, பாடத்தை அப்படியே சோதித்தால் அது நியாயமான தேர்வு. விடையைச் சொல்லிக் கொடுத்தால்தான் அநியாயம். அதனால்தான் எழுத்தையே சோதிக்கும் மொழிப்பாடத்துக்கு மட்டும் 'விலக்கு' என்ற தனி வழி வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்திலும் தகுதியுள்ள மாணவர்களுக்குப் பொதுவாக 25 சதவீதம் வரை கூடுதல் நேரம் தருகிறார்கள்.

40 சதவீதக் குறைபாடு கட்டாயமா?

2021 பிப்ரவரியில், யுபிஎஸ்சி தேர்வர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. எழுதுவதில் சிரமம் இருந்தால், 40 சதவீதத்தை எட்டவில்லை என்பதற்காகவே சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்றது. இதையடுத்து 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் குறைவானவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

2021 நவம்பரில் இன்னொரு வழக்கு. டிஸ்கிராஃபியா உள்ள மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை. அது தவறு என்ற நீதிமன்றம், பரிகாரம் காணச் சொல்லி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஆனா, மறுதேர்வு கிடைக்கவில்லை. தேர்வு அறையில் போன நேரம் திரும்பாது. அதனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் பாதுகாப்பு.

சான்றிதழ் எப்படி வாங்குவது?

1. முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். அரசுப் பள்ளி என்றால், பள்ளிபாளையம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கலாம். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்பதையும் அங்கே கேளுங்கள்.

2. அடுத்து மருத்துவப் பரிசோதனை. பார்வை, செவித்திறனில் பிரச்னை இல்லை என்று உறுதி செய்துவிட்டு, உளவியல் நிபுணர் வாசிப்பு, எழுத்து, அறிவுத்திறன் சோதனைகளை நடத்துவார். மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் இருக்கிறது. திருச்செங்கோடு தாண்டிப் போகணும் என்பதால், தறிக்கூலி ஒரு நாள் போவது உறுதி. எந்த நாளில் நிபுணர் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

3. சான்றிதழ் கிடைத்ததும் தலைமை ஆசிரியர் மூலம் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்கணும்.

எப்போது தொடங்கணும்?

2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்படி 8 வயதிலேயே சான்றிதழ் பெறலாம். பிறகு 14, 18 வயதில் மறுபரிசோதனை உண்டு. பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பெரும்பாலும் 14 வயது தாண்டியிருக்கும். அதனால் பழைய சான்றிதழ் செல்லுமா என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிடுங்கள். பொதுத்தேர்வு அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தாமதமாகிவிடும்.

இன்னொன்று, சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவதும் ஒரு பழக்கம்தான். எங்கே நிறுத்தணும், படத்துக்கு எப்படிப் பாகம் குறிக்கச் சொல்லணும், எழுதியதை எப்போது திருப்பி வாசிக்கச் சொல்லணும் என்பது பழகினால்தான் வரும். காலாண்டு, அரையாண்டுத் தேர்விலேயே இதே ஏற்பாட்டைச் செய்யச் சொல்லி பள்ளியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பொதுத்தேர்வு நாளில் இந்த முறை மாணவருக்குப் புதுசாக இருக்கக் கூடாது.