சீழும் மாத்திரையும்: கட்டுமாவடிக் கரையில் பல் சீழ்க்கட்டி மருத்துவம்

பாக் நீரிணையின் மேற்குக் கரையில், சேதுபாவாசத்திரத்துக்கும் மணமேல்குடிக்கும் இடையே உள்ள கட்டுமாவடி இன்று புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊராக இருந்தாலும், 1974 ஜனவரியில் அம்மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி தஞ்சாவூர் மாவட்டத்தோடு சேர்ந்தே இருந்தது. தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை வாய்க்கவில்லை. ஆகவே இக்கரையின் மருத்துவ வரலாற்றைத் தேடுவோர் ஒருபுறம் தஞ்சை மராத்திய அரசையும், மறுபுறம் நீரிணைக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்தையும் நோக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் காலத்தவரையும் வாட்டிய பல் சீழ்க்கட்டிக்கு இவ்வட்டாரமும் உலகமும் கண்ட மருத்துவத்தைத் தொடர்ந்து பார்த்தால், மருந்துகள் பலமுறை மாறியும் சிகிச்சையின் அடிப்படை விதி மாறாமல் நின்றது புலப்படும்.

சொத்தை பல்லின் கடினமான மேற்பகுதிகளைத் துளைத்து, உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் ஓடும் பற்கூழை அடையும்போது, கிருமிகள் அதை அழுகச் செய்து, வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. அவற்றை எதிர்த்து உடல் நடத்தும் போரில் மடிந்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்து சீழாகத் தேங்குவதே பல் சீழ்க்கட்டி எனப்படுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பையில் தொடங்கும் சீழ்க்கட்டியும் உண்டு. இரண்டிலும் சீழ் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடுவதே தாங்க முடியாத வலிக்குக் காரணம். கட்டி தானே உடைந்தால் வலி சட்டென்று தணிந்துவிடுவதால் நோய் தீர்ந்ததாகப் பலர் கருதுவர். ஆனால் அழுகிய கூழ் பல்லுக்குள் இருக்கும் வரை கட்டி மீண்டும் மீண்டும் வரும்.

பழைய மருத்துவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. வடமொழியில் அமைந்த சுசுருத சம்ஹிதை, பல்லின் வேரிலிருந்து சீழ் வடியும் புரை உண்டானால் அந்தப் பல்லைப் பிடுங்கிப் புரையைச் சுட வேண்டும் என்று விதிக்கிறது. மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் குருதிப்போக்கு மிகும் என்று எச்சரிக்கவும் செய்கிறது. தமிழ் நாட்டுப்புறத்தில் கிராம்புத் தைலம், உப்புநீர்க் கொப்பளிப்பு, வேலம்பட்டைக் கஷாயம் ஆகியவை வலியைத் தணிக்கவும் ஈறை இறுக்கவும் பயன்பட்டன. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழி நோய் வருமுன் காக்கும் வழியைச் சொன்னதே தவிர, வந்த கட்டிக்கு மருந்து சொல்லவில்லை. கட்டியைக் கீறுவதும் ஆடும் பல்லைப் பிடுங்குவதும் பெரும்பாலும் முடிதிருத்தும் தொழிலைச் செய்த சமூகத்தாரின் கைவேலையாக இருந்தன. அவர்கள் பல ஊர்களில் மருத்துவர் என்றே அழைக்கப்பட்டனர்.

இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள் நடந்த சேது வழி இக்கரையோரமாகவே சென்றதால், ஒரத்தநாடு, மணமேல்குடி, மீமிசல் உள்ளிட்ட ஊர்களில் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரங்களை நிறுவினர். இரண்டாம் சரபோஜி 1801-இல் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் உணவும் கல்வியும் அளிக்கப்பட்டதோடு, நோய்கள், வீக்கங்கள், நச்சுக்கடி ஆகியவற்றைக் குணப்படுத்தத் தேர்ந்த மருத்துவர்களும் அமர்த்தப்பட்டிருந்ததை விவரிக்கிறார். ரெசிடெண்ட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனி அரசவையில் வைத்திருந்த பிரதிநிதி. வீக்கம் என்பது அக்கடிதத்தில் தனியாகக் குறிக்கப்பட்டிருப்பது, கட்டிகளுக்கு மருத்துவம் செய்வது அக்காலத்தில் தனித்திறனாக மதிக்கப்பட்டதைக் காட்டுகிறது. இதே மன்னர் தஞ்சையில் நடத்திய தன்வந்திரி மகாலில் உள்நாட்டு மருத்துவமும் ஐரோப்பிய மருத்துவமும் அருகருகே ஆராயப்பட்டன.

நீரிணைக்கு அப்பால், 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே நடத்தினார். அவர் வெளியிட்ட நூல்களில் ஒன்றான இரணவைத்தியம், மேனாட்டு அறுவை மருத்துவத்தைத் தமிழில் படிக்கத் தந்தது. மயக்க மருந்து பரவத் தொடங்கிய காலமும் அதுவே. 1846-இல் பாஸ்டன் நகரில் பல் மருத்துவர் மோர்ட்டன் ஈதரின் பயனைப் பொதுமேடையில் காட்டிய பிறகு, வலியில்லாத அறுவை சாத்தியமாயிற்று. 1940-களில் வந்த லிடோகைன் என்னும் மரப்பு ஊசி, பல் பிடுங்கும் வேலையைச் சிறு கிராமத்து மருத்துவமனையிலும் செய்யக்கூடியதாக்கியது.

சீழ் ஏன் உண்டாகிறது என்பதற்கான விடையை 1890-இல் வாய்க் கிருமிகளைப் பற்றி நூல் எழுதிய டபிள்யூ. டி. மில்லர் தெளிவாக்கினார். அந்த அறிவே ஒரு தவறான பாதைக்கும் வழிவகுத்தது. 1910 முதல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் ஹன்டரின் கருத்தைப் பின்பற்றி, மூட்டுவலி முதல் மனநோய் வரை அனைத்துக்கும் பல் கிருமிகளே மூலம் என்று நம்பியவர்கள், நல்ல பற்களையும் வரிசையாகப் பிடுங்கினர். இன்னொரு பக்கம், கீழ்த்தாடைப் பல்லில் தொடங்கிய சீழ் நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி மூச்சை அடைக்கும் கொடிய நிலையை 1836-இலேயே ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்திருந்தார். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள் வருமுன் அந்நோய்க்கு ஆளானோரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

1928-இல் பிளெமிங் கண்டறிந்து, 1940-களில் ஆக்ஸ்போர்டு குழுவினர் மருந்தாக்கிய பெனிசிலின் இந்த மரணங்களைக் குறைத்தது. இந்தியாவில் புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954-இல் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் அதை உள்நாட்டிலேயே தயாரிக்கத் தொடங்கியது. 1962-இல் வேறொரு நோய்க்காக மெட்ரோனிடசோல் உட்கொண்ட பெண்ணின் ஈறு அழற்சியும் நீங்கியதை மருத்துவர் ஷின் பதிவு செய்தார்; காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளின் மீது அம்மருந்து செயல்படுவது அதன் பின்னரே விளங்கியது. 1970-களில் வந்த அமாக்சிசிலின், மலிவாலும் எளிமையாலும் பல் வலிக்கு முதல் மருந்தாக நிலைபெற்றது.

மருந்து பரவிய வேகத்துக்குப் பல் மருத்துவர் பரவவில்லை. பல் மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-இல்தான் வந்தது. சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி 1953-இல் தொடங்கியது. தஞ்சையில் மருத்துவக் கல்லூரி 1959-இல் அமைந்தது. புதுக்கோட்டைக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 2023-இல்தான் கிடைத்தது. நகரத்துக்குப் பேருந்தேறிச் சென்று பல் மருத்துவரிடம் காத்திருப்பது ஒரு நாள் வருமானத்தை இழப்பதாகும் என்ற நிலையில், அன்றாடம் கடலுக்குச் சென்றால்தான் வருமானம் என்றிருக்கும் குடும்பத்தார் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது எளிதான வழியாயிற்று. சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத இம்மருந்துகள் இந்தியாவில் பரவலாக அவ்வாறே விற்கப்பட்டன.

மாத்திரை ஏன் போதாது என்பதற்குக் காரணம் கட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. இறந்த பற்கூழுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. சீழ்ப்பைக்குள்ளும் மருந்து சரியாகச் சென்று சேர்வதில்லை. எனவே கட்டியைக் கீறிச் சீழை வடிப்பது, அழுகிய கூழை அகற்றி வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை செய்வது, காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்குவது ஆகிய மூன்றுமே உண்மையான சிகிச்சைகள். 2019-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, உடல் எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள பெரியவர்களுக்கு இச்சிகிச்சை உடனே கிடைக்குமானால் பெரும்பாலான பல் வலிக்கும் கட்டிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையில்லை என்று கூறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு நூலும் இதே கருத்தைச் சொல்வதோடு, மருந்து தேவைப்படும்போது சீழ் வடிக்கப்பட்டவருக்கு மூன்று நாள்களும் மற்றவருக்கு ஐந்து நாள்களும் போதும் என்கிறது.

மருந்து தேவைப்படும் நிலைகளும் தெளிவானவை. காய்ச்சல், உடல் சோர்வு, கன்னத்திலோ கழுத்திலோ பரவும் வீக்கம், நெறிகட்டுதல் ஆகியவை நோய் பல்லைத் தாண்டிவிட்டதைக் காட்டுகின்றன. கட்டுப்பாடற்ற நீரிழிவு, புற்றுநோய் மருத்துவம் போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் மருத்துவர் முன்கூட்டியே மருந்து தரலாம். அப்போதும் சீழை வெளியேற்றுவதே முதல் வேலை, மருந்து அதற்குத் துணை. வாய் திறக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம், நாக்கு மேலெழும்புதல், மூச்சுத் திணறல், கண்ணைச் சுற்றிய வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அது உயிராபத்து. அந்நிலையில் 108 ஊர்தியை அழைத்து உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேவையின்றி உண்ணும் மாத்திரை உண்பவரை மட்டும் பாதிப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஊருக்குள் வளர்க்கிறது. 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே பிளெமிங் குறைந்த அளவு மருந்தின் ஆபத்தை எச்சரித்திருந்தார். 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இந்தியாவில் நுண்ணுயிர் எதிர்ப்பி விற்பனையைக் கட்டுப்படுத்தக் கோரியது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை, சில முக்கிய மருந்துகளை விற்கும்போது நோயாளி, மருத்துவர் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தியது.

சத்திரத்து மருத்துவர் முதல் இன்றைய பல் மருத்துவக் கல்லூரி வரை இவ்வரலாறு தரும் தீர்ப்பு ஒன்றே: சீழை வெளியேற்றாத மருத்துவம் எந்தக் காலத்திலும் முழுமையான மருத்துவமாக இருந்ததில்லை. ஆகவே கடலோர ஊர்களுக்கு இன்று அவசரமாக வேண்டியவை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டியைக் கீறவும் பல்லைப் பிடுங்கவும் வசதியும், வாரத்தில் சில நாள்களாவது அங்கு அமரும் பல் மருத்துவருமே.