ஒத்திவைப்பு அதிகாரமும் சட்டமன்றமும்: பஞ்சாப் வழக்குகள் இரண்டு (1968, 2023)

முன்னுரை

சட்டமன்ற வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவை கூடிய நாள்களையே ஆராய்வர். அவை கூடாதிருந்த நாள்களும் ஆய்வுக்குரியனவே. அவையை ஒத்திவைக்கும் அதிகாரம் யாருக்குரியது, அதற்கு எல்லை உண்டா என்னும் வினாக்கள் மாநில அரசியலில் பெரும் நெருக்கடிகளைத் தோற்றுவித்துள்ளன. ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் பஞ்சாபில் எழுந்த இரு வழக்குகளின் வழியாக இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒத்திவைத்தல், முடித்துவைத்தல், கலைத்தல்

இம்மூன்றும் வெவ்வேறானவை. ஒத்திவைத்தல் என்பது ஓர் அமர்வை நிறுத்தி, சில மணி நேரத்திற்கோ சில நாள்களுக்கோ, நாள் குறிப்பிடாமலோ தள்ளிவைப்பதாகும். கூட்டத்தொடர் இதனால் முடிவதில்லை. முடித்துவைத்தல் கூட்டத்தொடரையே முடிவுக்குக் கொண்டுவரும். கலைத்தல் பேரவையின் ஆயுளையே முடிக்கும்.

அரசமைப்புச் சட்டத்தின் 174ஆம் உறுப்பு அவையைக் கூட்டுதல், முடித்துவைத்தல், கலைத்தல் ஆகியவற்றை ஆளுநரின் பெயரால் நிகழ வேண்டியனவாக வகுக்கிறது. ஒத்திவைப்பை அவ்வுறுப்பு குறிப்பிடவில்லை. அவையில் குறைவெண் வரம்பு இல்லாதபோது அவைத்தலைவர் அவையை ஒத்திவைக்க வேண்டும் அல்லது நிறுத்திவைக்க வேண்டும் என 189ஆம் உறுப்பு கூறுகிறது. எஞ்சியவை 208ஆம் உறுப்பின்படி அவை தனக்கென இயற்றிக்கொள்ளும் நடைமுறை விதிகளைச் சார்ந்தவை. பெரும் அமளி ஏற்படின், தாம் குறிப்பிடும் காலத்திற்கு அவையை ஒத்திவைக்கப் பேரவைத் தலைவருக்கு இவ்விதிகள் அதிகாரம் அளிக்கின்றன. அக்காலம் எவ்வளவு என்பதற்கு வரம்பு கூறப்படவில்லை. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது.

மேற்கு வங்காளத்தின் முன்நிகழ்வு

1967 நவம்பர் 21 அன்று ஆளுநர் தரம் வீரா, அஜய் முகர்ஜி தலைமையிலான அமைச்சரவையை நீக்கி, பி.சி. கோஷைப் பதவியில் அமர்த்தினார். நவம்பர் 29 அன்று பேரவை கூடியபோது, பேரவைத் தலைவர் பிஜய் பானர்ஜி இச்செயல் அரசமைப்புக்கு முரணானது எனக் கூறி அவையை நாள் குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். 1968 பிப்ரவரியில் அவை மீண்டும் கூட்டப்பட்டபோதும் ஒத்திவைப்பே நிகழ்ந்தது. பிப்ரவரி 20 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அமைச்சரவைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதை அவை முடிவு செய்ய வழியில்லாமற் போயிற்று.

பஞ்சாப், 1968

அடுத்த மாதமே இச்சிக்கல் பஞ்சாபில் எழுந்தது. லச்மன் சிங் கில் தலைமையிலான அமைச்சரவையின் நிதிநிலைக் கூட்டத்தொடர் நடைபெற்றுக்கொண்டிருந்தது. பேரவைத் தலைவர் ஜோகிந்தர் சிங் மான்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர மார்ச் 6 அன்று அவை இசைவளித்தது. மறுநாள் எழுந்த அமளியைக் காரணம் காட்டி, அவர் பேரவையை இரண்டு மாத காலத்திற்கு ஒத்திவைத்தார். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிவடையும். அதற்குள் நிதி ஒதுக்கம் நிறைவேறாவிடின், அரசு செலவு செய்யச் சட்ட அடிப்படை இராது.

ஆளுநர் டி.சி. பாவடே மார்ச் 11 அன்று கூட்டத்தொடரை முடித்துவைத்தார். மார்ச் 13 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், நிதி அலுவல் முடியும் வரை, அவையே தீர்மானித்தாலன்றி அமர்வை ஒத்திவைக்கலாகாது என விதித்தது. நிதி அலுவல் நடைமுறையைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த இடமளிக்கும் 209ஆம் உறுப்பே இதற்கு ஆதாரம். மார்ச் 18 அன்று அவை கூடியபோது, தமது முந்தைய ஒத்திவைப்பே நீடிக்கிறது எனப் பேரவைத் தலைவர் அறிவித்து வெளியேறினார். துணைத் தலைவர் தலைமையில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவுகள் நிறைவேறின.

உயர் நீதிமன்றம் இச்சட்டங்களைச் செல்லாதவை என்றது. 1968 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, முடித்துவைத்தல், அவசரச் சட்டம், மீண்டும் கூட்டுதல் ஆகிய மூன்றும் செல்லும் என்றது. அமளியை அடக்கத் தரப்பட்ட அதிகாரம் நிதி அலுவலையே முடக்கும் நிலைக்கு இவ்வாறு தீர்வு காணப்பட்டது.

பஞ்சாப், 2023

பின்னைய வழக்கு இதற்கு நேர்மாறானது. 2023 மார்ச் 3 அன்று தொடங்கிய கூட்டத்தொடர் மார்ச் 22 அன்று நாள் குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது, ஆனால் முடித்துவைக்கப்படவில்லை. பேரவைத் தலைவர் ஜூன் 19, 20 ஆகிய நாள்களில் அவையை மீண்டும் கூட்டினார். நான்கு சட்டமுன்வடிவுகள் நிறைவேறின. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் அந்த அமர்வு முறையானதா என ஐயுற்று, அவற்றின்மீது முடிவெடுக்காதிருந்தார். கூட்டத்தொடர் முடியாதபோது பேரவைத் தலைவர் அவையை மீண்டும் கூட்டலாம் எனவும், அந்த அமர்வு செல்லும் எனவும் உச்ச நீதிமன்றம் நவம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. 2003 டிசம்பரில் ஒத்திவைக்கப்பட்ட மக்களவை 2004 ஜனவரியில் மீண்டும் கூடியதை ஏற்ற 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இக்கருத்தினதே.

முடிவுரை

மேலோட்டமாக நோக்கின், முதல் தீர்ப்பு ஆளுநர் பக்கமும் இரண்டாவது பேரவைத் தலைவர் பக்கமும் சாய்ந்தன போலத் தோன்றும். இரண்டிலும் காப்பாற்றப்பட்டது அவை கூடிச் செயற்படும் உரிமையே என்பது இக்கட்டுரையின் துணிபு. முன்னதில் ஒத்திவைப்பு அவையின் பணியைத் தடுத்தது. பின்னதில் அது பணியைத் தொடர வழி தந்தது.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு கூட்டத்தொடரின் இறுதி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கும் இடையே ஆறு மாதத்திற்கு மேற்படலாகாது என்கிறது 174ஆம் உறுப்பு. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படாமலே நீளுமாயின், இவ்வரம்பின் சொற்கள் எதனைத் தொடும்? ஒத்திவைப்புக்கு நடைமுறை விதிகளில் காலவரம்பு வகுப்பது இதற்கு ஒரு விடையாகலாம். அவ்வரம்பை வகுக்கும் அதிகாரமும் அவையிடமே உள்ளது.