தீட்டுக்குக் கெடு வைத்த வேதம்: ஏக இரட்சகர் சபையின் லேவியராகமம்

ஒடுக்கப்பட்ட மக்கள் விவிலியத்தை எப்படி வாசித்தார்கள் என்ற கேள்விக்கு நம் துறையில் ஒரு விடை ஏறக்குறைய முடிந்த முடிவாகவே வழங்கிவருகிறது. ஆகார், சமாரியப் பெண், ஆயக்காரர், குஷ்டரோகி என வேதத்தின் ஓரத்தில் நிற்பவர்களிடம் அவர்கள் தங்கள் முகத்தைக் கண்டார்கள். அந்த ஒப்புமையே அவர்களுக்குச் சபையில் இடத்தையும் வாழ்வில் நோக்கத்தையும் தந்தது என்பது அந்த விடை. நெல்லைச் சீமையின் ஒரு சான்று இதற்கு இணங்க மறுக்கிறது. அருமைநாயகம் என்ற இயற்பெயருடைய சட்டாம்பிள்ளை, 1857இல் நாசரேத்துக்கு அருகே பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். ஐரோப்பிய மிஷனைவிட்டு வெளியேறிய இந்த நாடார் கிறிஸ்தவர்கள் தங்கள் வழிபாட்டைச் சுவிசேஷங்களில் வரும் ஏழைகளைச் சுற்றி அமைக்கவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணத்தைச் சுற்றி அமைத்தார்கள். இந்தத் தேர்வை ஒரு விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கப்பட்டவருக்கு விவிலியம் எங்கே இடம் வைத்திருக்கிறது என்பது பற்றிய கூர்மையான வாசிப்பு இதில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விவாதத்துக்குரிய சான்று சபையின் வழிபாட்டு ஒழுங்கேயாகும். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், வழிபாட்டுக்கு முன் உடல் சுத்தம், தூபம், எக்காளம், தரையில் விழுந்து வணங்குதல், திராட்சமதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சரசம், பெண்களின் மாதவிலக்கு பற்றிய லேவியராகம விதிகள், சம்பளம் பெறும் குருமார் இல்லாமை ஆகியவை அதன் கூறுகள். இவற்றுக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. மிஷன் தரப்பு இதைத் தன்மானம் புண்பட்ட ஒருவரின் பிளவாகவும் யூத மார்க்கத்துக்குத் திரும்பிய பிழையாகவும் கண்டது. பின்வந்த சமூக வரலாற்றாளர்கள் சாதிப்படியில் மேலேறும் முயற்சியாகக் கண்டார்கள். அண்மைக்கால ஆய்வு, காலனிய எதிர்ப்பாகக் காண்கிறது. பின்னிரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே இந்தச் சடங்குகள் யாருக்கு எதிராக எழுந்தன என்று கேட்கின்றனவே தவிர, ஏன் இந்த நூலிலிருந்து எழுந்தன என்று கேட்பதில்லை. ஐரோப்பியச் சாயலைக் களைவது மட்டும் நோக்கம் என்றால், நெல்லையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் வளர்த்தெடுத்த தமிழ்க் கீர்த்தனை மரபு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. நாடார்களின் க்ஷத்திரியப் பெருமையை நிலைநாட்டுவது மட்டும் நோக்கம் என்றால் புராணமும் வம்சாவளியும் போதும். அந்த வாதத்தைச் சட்டாம்பிள்ளை தனியே நடத்தவும் செய்தார். லேவியராகமம் இவ்விரண்டுக்கும் தேவைப்படவில்லை. ஆகவே அது வேறொரு தேவைக்கு விடையாக இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தேவையை உணர்த்துவது மிஷனரி கால்டுவெல் எழுதிய ‘திருநெல்வேலிச் சாணார்’ என்ற ஆங்கில நூல். 1849இல் சென்னையில் அச்சான அது, அன்று சாணார் எனப்பட்ட நாடார்களை, தேரிக்காட்டுப் பனையேறிகளை, தாழ்ந்த வகுப்புகளில் மேலான படியிலோ நடுத்தர வகுப்புகளில் கீழான படியிலோ நிறுத்தி, அவர்களுடைய சமயத்தைப் பேய் வழிபாடு என்றும் அறிவாற்றலைக் குறைவானது என்றும் விவரித்தது. சாயர்புரத்தில் பயின்று உபதேசியாராகப் பணியாற்றிய சட்டாம்பிள்ளை, நாசரேத் மிஷனரி கெமரருடன் ஏற்பட்ட பிணக்கில் வேலையை இழந்திருந்த நிலையில் அந்நூலைப் படித்தார். கால்டுவெல் பகைமையால் எழுதவில்லை என்பதே இங்கு முக்கியம். இடையன்குடியில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அவர், மிஷன் பணியின் தேவையை உணர்த்த விரும்பியே எழுதினார். ஆனால் இரக்கத்தைத் திரட்ட, இரக்கத்துக்குரியவரைத் தாழ்வாகக் காட்டியாக வேண்டியிருந்தது. தாழ்வின் சித்திரம் தொடரும்வரைதான் இரக்கமும் தொடரும். அந்தச் சித்திரத்துக்கு உள்ளானவர்களிடம் குஷ்டரோகியையும் ஆயக்காரரையும் காட்டி, ‘இதோ உங்கள் முகம்’ என்று சொல்வது அதே சித்திரத்தை வேதத்தின் பெயரால் உறுதிசெய்வதாகிவிடும். இந்தப் பொறியிலிருந்து வெளியேறும் வழியைச் சபை நியாயப்பிரமாணத்தில் கண்டது என்று கருதுகிறேன்.

தூய்மை பற்றிய விதிகள் விடுதலைக்கு வழியாகுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. தாமிரபரணிப் பாசனத்தின் நஞ்சை ஊர்களில் தீட்டு என்பதுதான் ஒதுக்குதலின் மொழியாக இருந்தது. கோயில் வாசலில் நாடார்களை நிறுத்திய காரணமும் அதுவே. 1897இல் நாடார்கள் கமுதிக் கோயிலில் நுழைந்ததையொட்டி எழுந்த வழக்கில், அவர்களுடைய உரிமைக்கோரிக்கை 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றும் தோற்றது. ஆனால் லேவியராகமத்தின் தீட்டை ஊன்றிப் படித்தால் அது வேறு இயல்புடையது என்பது புலப்படும். அது பிறப்பால் வருவதில்லை. பிணத்தைத் தொட்டவருக்கும், உடற்கழிவு உள்ளவருக்கும், ஆசாரியருக்குமேகூட அது வரும். பெரும்பாலும் அதற்குக் கெடுவும் உண்டு: குளித்து, வஸ்திரம் தோய்த்து, சாயங்காலம்வரை காத்திருந்தால் நீங்கிவிடும். பாளயத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட குஷ்டரோகியும் குணமானால் திரும்பி வருவதற்கான முறையை 14ஆம் அதிகாரம் விரிவாகத் தருகிறது. சாதித் தீட்டுக்கோ எந்த நீராலும் எந்த மாலையாலும் முடிவில்லை. எனவே இந்த விதிகளை ஏற்ற ஒருவர் ஊர் தம்மீது சுமத்திய தீட்டை ஏற்கவில்லை. தீட்டு என்பதன் இலக்கணத்தையே மாற்றினார். ஓய்வுநாளுக்கு முன் குளித்து வந்தவர் சுத்தமானவர். அதைச் சொல்ல அக்கிரகாரமும் வேண்டியதில்லை, மிஷன் பங்களாவும் வேண்டியதில்லை.

விவிலியத்தின் ஒதுக்கப்பட்டவர்களையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும். உபாகமம் 23 மோவாபியரையும் விதையடிக்கப்பட்டவரையும் சபைக்குள் வரவிடாமல் தடுக்கிறது. மோவாபியப் பெண்ணான ரூத் உள்ளே வருவது எப்படி? போவாஸின் கருணை பின்னால் வருகிறது. முதலில் இருப்பது, சிந்திய கதிரை எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19. அவள் வயலில் இறங்கியபோது ஒரு விதி அவள் பக்கம் இருந்தது. ஏசாயா 56 இன்னும் தெளிவானது. ஓய்வுநாளைக் கைக்கொண்டால் அண்ணகர் குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான பெயரை ஆலயத்துக்குள்ளேயே பெறுவார்கள், அந்நியர் ஜெபவீட்டில் மகிழ்விக்கப்படுவார்கள் என்கிறது. வெளியே நிற்பவருக்கு ஓய்வுநாளே வாசல். மாற்கு முதல் அதிகாரத்தில், குணமான குஷ்டரோகியை இயேசு ஆசாரியனிடம் அனுப்பி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்தச் சொல்கிறார். உடல் குணமானது போதவில்லை. சமூகத்தில் அவனுடைய இடம் முறைப்படி மீள வேண்டியிருந்தது. பிரகாசபுரத்தார் இந்தப் பகுதிகளை எடுத்துக்காட்டியே வாதிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய ஒழுங்கும் இந்தப் பகுதிகளும் ஒரே தர்க்கத்தில் இயங்குகின்றன என்று மட்டுமே சொல்கிறேன். இந்த இசைவை வெறும் தற்செயல் என்று ஏற்க எனக்கு இயலவில்லை.

மறுப்புகளில் ஒன்று கனமானது. சபை பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் நின்றது. தனக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அது கதவு திறக்கவில்லை. மாதவிலக்கு விதிகளின் சுமை பெண்கள்மீது விழுந்தது. இதை நான் மறுக்கவில்லை. பிறப்பை மீறும் ஒரு விதியைக் கையில் எடுத்தவர்களே க்ஷத்திரியப் பிறப்பையும் பேசியது அவர்களுடைய வாசிப்பில் தீராது நின்ற முரண். ஆனால் முரண் இருப்பதாலேயே வாசிப்பு இல்லை என்றாகிவிடாது. தங்கள் கையிலிருந்த விதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவர்கள் முழுமையாகக் காணவில்லை என்பதுதான் அதன் பொருள். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தைக் காட்டி, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டதை இறையியல் பிழை என்று ஒதுக்குவது நமக்குத் தேவையில்லை. அது சபைகளின் தீர்ப்பு. வரலாற்றுக் கேள்விக்கு அது விடையாகாது. சபை ஒரு தனி மனிதரின் கோபத்தில் பிறந்தது என்ற வாதமும் நிற்காது. கோபம் பிரிந்துபோகக் காரணமாகலாம். பின்வந்த தலைமுறைகளை ஓய்வுநாளுக்குக் கூட்டிவர அதனால் இயலாது.

இந்த வாசிப்பு ஏற்கப்பட்டால் நம் துறையின் கேள்வி மாற வேண்டும். ஒதுக்கப்பட்டவர்கள் வேதத்தில் தங்களை யாராகக் கண்டார்கள் என்று கேட்டு வந்திருக்கிறோம். அந்தக் கேள்வி அவர்களுடைய தாழ்வை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அதற்கு ஆறுதலை மட்டும் தேடுகிறது. வேதத்திலிருந்து அவர்கள் எந்த உரிமையை எடுத்துக்கொண்டார்கள், அதை எந்த நடைமுறையால் நிலைநிறுத்தினார்கள் என்பதே கேட்க வேண்டியது. நெல்லைக் கிறிஸ்தவ வரலாறு மிஷனரிகளின் கடிதங்களையும் அறிக்கைகளையும் நம்பியே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அவை இரக்கத்தின் ஆவணங்கள். பெறுபவரை அவற்றில் காணலாம், உரிமை கோருபவரைக் காண்பது அரிது. வழிபாட்டு ஒழுங்கை இறையியல் வாதமாகப் படிக்கக் கற்றால்தான் உரிமை கோரியவரின் குரல் நமக்குக் கேட்கும். இடம் என்பது பிறர் இரங்கித் தருவது என்ற எண்ணத்தை 1857லேயே இந்த மண்ணில் ஒரு சபை நிராகரித்துவிட்டது. அதை விளிம்பு நிகழ்வாக அடிக்குறிப்பில் வைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.