பாடும் தோலும்

பழவேற்காட்டு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் படாது. கடலுக்குத் திரும்பும் இறால் முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் திரளும். அங்கே யார், எந்த நாளில் சுத்து வலை கட்டலாம் என்பதைக் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் ‘பாடு’ முறையால் தீர்த்துவந்தன. ஊர்களுக்குள் நாள்முறை, ஊருக்குள் சீட்டுக் குலுக்கல். சண்டை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு என்று இதைச் சொல்லிவிடுவது வழக்கம். அது மட்டும்தான் நோக்கமென்றால் ஒரே தடவை பங்கு பிரித்துக் கொடுத்திருக்கலாமே, எதற்கு இந்தச் சுழற்சி? வலையில் விழுந்ததில் இடம் தந்தது எவ்வளவு, கைத்திறன் தந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் நல்ல இடம் எல்லார் கைக்கும் வந்துபோக வேண்டியிருந்தது.

ஆட்டின விருத்தியிலும் இதே முடிச்சுதான். அங்கே அதைக் கணக்கால் அவிழ்க்கிறார்கள். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி என்ற செம்மறி ஆட்டினத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு குட்டி கொழுத்திருந்தால் அது கிடாயின் வித்தா, நல்ல மழை பெய்த வருஷமா, ஒற்றைக் குட்டியாய்ப் பிறந்து தாய்ப்பால் முழுதும் குடித்ததா? அமெரிக்கரான ஹெண்டர்சன் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த முறை, ஆண்டு, பருவம் போன்றவற்றின் பங்கைக் கழித்து, உறவு ஆடுகளின் பதிவுகளையும் சேர்த்து, வித்தின் மதிப்பைக் கணிக்கிறது. கம்பளியில்லாத மேச்சேரிக்குப் பேர் வாங்கித் தந்தது தோல். ஆனால் வெளிவந்த மரபியல் மதிப்பீடுகள் பெரும்பாலும் உடல் எடையைப் பற்றியவை. காரணம் எளிது: எடையை ஆடு உயிரோடு இருக்கும்போதே தராசு சொல்லும், தோலின் தடிமனும் முள் கீறலும் அம்மைத் தழும்பும் உரித்துப் பதனிட்ட பிறகே முழுதாய்த் தெரியும். அதற்குள் அது எந்தக் கிடாயின் பிள்ளை என்ற தொடர்பு அறுந்துவிடும். மத்திய ஆசியாவின் காரகுல் ஆட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறந்த ஓரிரு நாளில் குட்டியின் மேலேயே சுருளையும் மினுக்கையும் பார்த்துத் தரம் குறித்துவிடலாம்.

பாடு முறையில் கணக்கு எங்கே இருக்கிறது, அது வெறும் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். ஒரு நாள் சீட்டு அதிர்ஷ்டம்தான். சீட்டும் முறையும் திரும்பத் திரும்ப வரும்போது அதிர்ஷ்டம் தேய்ந்துபோகும். ஆய்வாளர் தாளில் கழிப்பதை ஊர் தண்ணீரிலேயே கழித்தது. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: குலுக்கலில் யார் பெயர் இருந்தது? பாடு உரிமை பட்டினவருக்கே. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அதில் சீட்டு இல்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறியபின், வெளியே நின்ற மற்றவர்களும் வலையோடு வந்து பங்கு கேட்டார்கள். சுழற்சி எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கவில்லை.