தாய்மாமனும் ‘சேர்’ பட்டமும்

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைக் காண வருவோருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது நெல்சனின் பெயரையும் சேர்த்தே சொல்வது நம்மவர் வழக்கம். உலகின் மிகச் சிறந்த துறைமுகம் இதுவென்று அவர் சொன்னாராம். சொன்னதாகக் கூறப்படும் அந்த மனிதருக்கு அப்போது என்ன வயது என்று நாம் கேட்பதில்லை. கிழக்குக் கடல்களில் ‘சீஹார்ஸ்’ கப்பலில் அவர் திரிந்த காலம் 1774 முதல் 1776 வரை. 18 வயதுகூட நிரம்பாத பையன். துறைமுகமோ அன்று ஒல்லாந்தர் கையில். பிறகு அவர் இப்பக்கம் வரவேயில்லை.

ஒன்பது வயதில் தாயை இழந்தவர் நெல்சன். தந்தை ஒரு கிராமத்துப் பாதிரியார். 1771இல், 12 வயதில், அவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டவர் தாய்மாமன் கப்டன் மொரிஸ் சக்லிங். மருமகனைத் தம் நிழலிலேயே வைத்துக்கொள்ளாமல், வணிகக் கப்பலொன்றில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிக் கயிறும் பாயும் கற்கச் செய்தார். சக்லிங்கிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

கிழக்கில் காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக ‘டொல்பின்’ கப்பலில் நெல்சன் திருப்பி அனுப்பப்பட்டார். அதன் தலைவர் ஜேம்ஸ் பிகொட் காட்டிய பரிவே தம் உயிரைக் காத்தது என்று பின்னாளில் எழுதினார். இனி உயர்வேயில்லை என்று மனம் கசந்திருந்த அந்தப் பயணத்தில்தான், தாம் ஒரு வீரனாவது என்ற உறுதி திடீரெனத் தமக்குள் பிறந்தது என்றும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

1777 ஏப்ரலில் லெப்டினன்ட் தேர்வு. தேர்வாளர் குழுவின் தலைவர் யார்? அதே மாமன்! உறவை மறைத்து, தேறிய பின்னரே மருமகனை அறிமுகம் செய்தார் என்பது வழிவழி வரும் கதை. அதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஏனெனில் விதிப்படி 20 வயது வேண்டும், நெல்சனுக்கோ பதினெட்டரை. சான்றிதழ் 20க்கு மேல் என்கிறது. மருமகனின் வயது மாமன் அறியாததா?

அடுத்த ஆண்டே சக்லிங் இறந்துபோனார். ஆனால் அதற்குள் ‘லோஸ்டொஃப்’ கப்பலின் கப்டன் வில்லியம் லொக்கர் என்ற ஆசானை நெல்சன் பெற்றிருந்தார். எதிரியை நெருங்கிப் பொருத வேண்டும் என்ற பாடம் அவருடையது. நைல் வெற்றிக்குப் பின், 1799இல், நான் உங்கள் மாணாக்கன் என்ற பொருள்பட அவருக்கே எழுதினார் நெல்சன். 1797 பெப்ரவரியில் சென் வின்சென்ற் முனைப் போரில் கட்டளைக்குக் காத்திராமல் அணியிலிருந்து கப்பலைத் திருப்பி எதிரிமீது பாய்ந்தபோது மாமனும் இல்லை, சான்றிதழும் இல்லை. அந்த ஆண்டே அவர் சேர் ஹொரேஷியோ ஆனார்.

தாய்மாமன் கைபிடித்து ஏற்றிவிடுவது நமக்குப் புதிதா? 1874இல் நைட் பட்டம் பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி, பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோரின் தாய்மாமன். 1879இல் அவர் மறைந்ததும் சட்டநிரூபண சபையில் அவர் வகித்த தமிழர் பிரதிநிதி இடம் 28 வயது இராமநாதனுக்குக் கிடைத்தது. மாமன் வழி வந்த இடந்தான். ஆனால் 1915 கலவரத்தின்போது சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக இலண்டன்வரை சென்று வாதாடியது அவருடைய துணிவு. மருமக்கள் இருவரும் பின்னாளில் ‘சேர்’ ஆனார்கள்.

முத்துக்குமாரசுவாமியின் சொந்த மகனுக்குத் தந்தை மறைந்தபோது இரண்டு வயது நிரம்பவில்லை. இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்தார். பட்டம் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அவர் பெயர் ஆனந்த குமாரசுவாமி.