எனோலா கேயும் ஒரு போத்தல் சிவப்புப் பெயின்ற்றும்

2003 டிசெம்பர் 15. வோஷிங்ரனுக்குக் கிட்ட, வேர்ஜீனியாவில் சிமித்சோனியன் நிறுவனத்தின் புதிய விமான நூதனசாலை திறந்த நாள். சனத்துக்குள் இருந்து ஒரு போத்தல் பறந்து வந்தது. உள்ளே சிவப்புப் பெயின்ற். விமானத்தின் தகடு ஒன்று நெளிந்தது. இரண்டு பேரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது.

அந்த விமானம் எனோலா கே. 1945 ஓகஸ்ட் 6 காலை ஹிரோசிமாவில் அணுகுண்டு போட்ட பி-29. விமானி போல் ரிபெற்ஸ் தன்ரை தாயின் பெயரை அதுக்கு வைத்தவர். (தாயின் பெயர் வைக்க வேறு ஒண்டும் கிடைக்கவில்லைப் போல!)

பழைய சாமானை உடைப்பது எனக்கும் பிடிக்காத வேலைதான். இதைத் திருத்தி எடுக்க ஏறக்குறைய 20 வருசமும், 300,000 மணித்தியால உழைப்பும் போயிருக்கு. ஆனால் போத்தல் ஏன் பறந்தது எண்டு விளங்க 1995க்குப் போகவேணும்.

போர் முடிந்த 50ஆம் ஆண்டுக்கு, விமானத்தோடு ஹிரோசிமாவில் எரிந்த பொருட்களையும் வைக்கப் பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விற் திட்டம் போட்டார். அதில் ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே கரியாய்ப்போன சோறும் பட்டாணியும். கன வருசமாக உணவகக் குசினியில் நிற்கிறவன் நான், அடிப்பிடித்த சோறு தினமும் பார்க்கிறேன். அந்தப் பெட்டியின் படத்தைக் கனநேரம் பார்க்க என்னால் முடியவில்லை.

முன்னாள் படைவீரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. குண்டு போட்டபடியால்தான் போர் முடிந்தது, தங்கட உயிர் தப்பியது என்பது அவர்கள் பக்க நியாயம். செனற் சபையும் கண்டித்தது. 1995 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள், மே மாதம் ஹார்விற் பதவி விலகினார். யூன் கடைசியில் விமானத்தின் முன் உடற்பகுதியையும் வேறு சில பாகங்களையும் மட்டும் வைத்தார்கள். சில நாளுக்குள் அதில் சாம்பலும் மனித இரத்தமும் எறிந்து மூன்று பேர் கைதானார்கள்.

2003 இல் முழு விமானமும் வந்தது, இறக்கை 43 மீற்றர் நீளம். அறிவிப்புப் பலகையில் அளவு, எடை, இயந்திரம் எல்லாம் இருந்தது. குண்டு போட்டதுக்கு ஒரு வசனம். 1945 முடியமுன் செத்த சுமார் 140,000 பேரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரலாற்று அறிஞர்கள் மனுக் கொடுத்தும் பார்த்தார்கள். எல்லா விமானத்துக்கும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம் என்று நூதனசாலை சொல்லிவிட்டது. எனக்கு இது போத்தல் எறிந்ததை விடப் பெரிய சேதம், பாருங்கோ.

அன்றைக்கு ஹிரோசிமாவில் தப்பிய முதியவர்கள் சிலரும் யப்பானிலிருந்து வந்து அங்கே நின்றவர்கள். அவர்கள் ஒன்றும் எறியவில்லை.